வருமானமே இல்லாத மென்பொருள் கம்பெனியை ஏன் வாங்குகிறார்கள்? அந்த விலை யாருக்குப் போகிறது?

எர்ணாவூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கம்பெனி என்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. எண்ணூர் அசோக் லேலண்டுக்கு கேட் உண்டு, ஷிஃப்ட் உண்டு, வரிசையாக வெளியே வரும் லாரி சேஸிஸ் உண்டு. திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி என நமது தந்தையர் வேலைக்குப் போன இடங்களுக்கெல்லாம் நிலம் இருந்தது, இயந்திரம் இருந்தது, விற்கச் சரக்கு இருந்தது. அதே வீடுகளின் பிள்ளைகள் இன்று ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் ஸ்டார்ட்அப் கம்பெனிகளில் இருக்கிறார்கள். சிலர் தாங்களே ஒன்றைத் தொடங்கியும் விடுகிறார்கள்.

ஆகவே ஜும்ஆ முடிந்து வாசலில் நிற்கும்போது வருகிற கேள்விகளும் மாறிவிட்டன. "ஹஜ்ரத், பையனோட கம்பெனிய ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்குதாம். இதுவரைக்கும் ஒத்த ரூபா வருமானம் இல்ல. இல்லாத வியாபாரத்த எப்படி விக்கிறது? அந்தக் காசு நமக்கு ஆகுமா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும், ஆனால் அதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. பேப்பரில் வருகிற விலையில் வீட்டுக்கு வந்து சேருவது எவ்வளவு, எந்தக் காகிதத்தின் பேரில்? குடும்பங்கள் உடைவது இந்த மூன்றாவது இடத்தில்தான் என்பதால் கட்டுரை அங்கே சற்று அதிகமாக நிற்கும்.

வாங்குகிறவர் எதை வாங்குகிறார்?

லாபம் தராத கம்பெனியை வாங்குவது நமது பகுதிக்குப் புதிதல்ல. 1950களின் நடுவிலிருந்து புல்லட் தயாரித்த என்ஃபீல்டு இந்தியா, 1990 வாக்கில் தள்ளாடிக்கொண்டிருந்தது. ஐஷர் குழுமம் 1990இல் அதில் பங்கு வாங்கி, 1994இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. அன்றைய லாப நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்தப் பெயருக்கும் அந்த வண்டியை விடாத மக்களுக்கும் ஒரு விலை இருந்தது. ஆனாலும் அங்கே கடைசிப் பிடிமானமாகத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மென்பொருள் கம்பெனியில் அதுவும் கிடையாது. வாடகை அறை, நாலு லேப்டாப், அவ்வளவுதான்.

2012 ஏப்ரலில் இன்ஸ்டாகிராமை வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தபோது அங்கே வேலை செய்தவர்கள் 13 பேர். வருமானம் பூஜ்யம். பயன்படுத்தியவர்கள் சுமார் 3 கோடி. அறிவித்த விலை 100 கோடி டாலர். அதாவது ஒரு பயனாளருக்கு ஏறக்குறைய 33 டாலர் கணக்கு. 2014இல் வாட்ஸ்அப்புக்குச் சொன்ன விலை 1,900 கோடி டாலர்; பயனாளர்கள் 45 கோடி; தலைக்கு 42 டாலர். பெயரளவுக்குத்தான் அதற்கும் வருமானம் இருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், ஊரிலிருந்து வரும் உறவினரின் வண்டி எங்கே நிற்கிறது என்று நாம் தினமும் பார்க்கும் 'வேர் இஸ் மை டிரெயின்' செயலி. ரயிலில் இருப்பவரின் செல்போன் எந்த டவரோடு தொடர்பில் இருக்கிறது என்பதைக் கொண்டே வண்டி இருக்குமிடத்தைச் சொல்லிவிடும். இணையமும் ஜி.பி.எஸ்ஸும் வேண்டியதில்லை. கால அட்டவணை போனுக்குள்ளேயே இருக்கும். தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கும். பயணியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. இதைச் செய்தது பெங்களூரில் இருந்த சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறு நிறுவனம். முன்பு டிவோ நிறுவனத்தில் பணியாற்றிய சிலர் சேர்ந்து தொடங்கியது. தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அஹ்மத் நிஜாம் முஹையதீன்.

2018 டிசம்பரில் கூகுள் அதை வாங்கியது. விலையை கூகுள் வெளியிடவில்லை. 3 முதல் 4 கோடி டாலர் இருக்கலாம் என்று பொருளாதார நாளிதழ் எழுதியது. அப்போது செயலியை இறக்கியவர்கள் ஒரு கோடிக்கு மேல். நாளிதழ் சொன்னது சரியென்றால் நமது பயணி ஒருவருக்கு 3, 4 டாலர். அமெரிக்கப் பயனாளர் பார்க்கும் விளம்பரத்துக்கும் நமது பயணி பார்க்கும் விளம்பரத்துக்கும் விலை வேறு என்பதால் இந்த வித்தியாசம். ஆனால் கூகுள் போன்ற நிறுவனத்துக்கு அது மட்டுமே கணக்கு அல்ல. முதன்முதலாகச் செல்போன் வழியே இணையத்துக்கு வரும் இந்திய மக்களை, அவர்கள் தினமும் திறக்கிற ஒரு செயலியின் வழியாக அடைவது பெரிய விஷயம். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்கிற மென்பொருளை எழுதத் தெரிந்தவர்கள் கிடைப்பது அதைவிடப் பெரிய விஷயம்.

சில சமயம் பயனாளர்கள்கூடத் தேவையில்லை. 2017 ஜூலையில் பெங்களூரின் ஹல்லி லேப்ஸை கூகுள் வாங்கியபோது அது தொடங்கி நான்கே மாதம் ஆகியிருந்தது. அங்கே வாங்கப்பட்டது ஆட்கள். இதற்கு 'அக்வி-ஹயர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கம்பெனியை வாங்குவது போல ஆட்களை வேலைக்கு எடுப்பது. சென்னையின் ஃப்ரெஷ்டெஸ்க் 2015இல் அடுத்தடுத்துச் சிறு நிறுவனங்களை வாங்கியது. அவற்றில் ஒன்று சென்னையிலேயே இருந்த கொனோட்டர். அதன் சரக்கு பெயர் மாறி ஃப்ரெஷ்சாட் ஆனது. ஆக, அங்கே ஆட்களோடு அவர்கள் செய்த பொருளும் பிழைத்தது. பல இடங்களில் பொருளை மூடிவிட்டு ஆட்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

நேரத்தையும் வாங்குகிறார்கள். தாங்களே எழுதினால் இரண்டு வருடம் ஆகும் வேலையை இன்றைக்கே கையில் வாங்கிவிடலாம் அல்லவா? போட்டியாளர் வளர்ந்துவிடாமல் தடுக்க வாங்குவதும் உண்டு. இன்ஸ்டாகிராம் விஷயத்தில் அதுதான் நடந்தது என்று அமெரிக்க அரசு அமைப்பு 2020 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2025 நவம்பரில் தீர்ப்பு ஃபேஸ்புக்கின் இன்றைய நிறுவனமான மெட்டாவுக்குச் சாதகமாக வந்தது. நமது நாட்டிலும் இதற்காகச் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். கம்பெனிகளின் சொத்தையும் விற்றுமுதலையும் வைத்துத்தான் போட்டி ஆணையம் முன்பு தலையிடும். வருமானமே இல்லாத கம்பெனி அந்த வலையில் விழாது. 2024 செப்டம்பர் 10 முதல், இந்தியாவில் கணிசமான செயல்பாடு உள்ள நிறுவனத்தை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கினால், வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

இல்லாததை விற்பதா இது?

தன் கைவசம் இல்லாததை விற்பதை ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தடுத்தது நமக்குத் தெரியும். அதை வைத்துத்தான் பலர் தயங்குகிறார்கள். மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பாடம் ஓதும்போது உதாரணமெல்லாம் கோதுமையும் பேரீச்சம்பழமும் ஒட்டகமும்தான். செயலிக்கு எங்கே போவது என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் இங்கே விற்கப்படுவது வருமானம் அல்ல. எழுதி முடித்த மென்பொருள், அதன் பெயர், அதன் உரிமை, கம்பெனியின் பங்கு ஆகியவைதான் விற்கப்படுகின்றன. இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத உரிமைகளுக்குப் பண மதிப்பு உண்டு, ஏமாற்றும் மோசடியும் இல்லாத வரை அவற்றை விற்கலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத் அமர்வில் தீர்மானித்தது (தீர்மானம் எண் 43). வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை எல்லாம் அதில் அடங்கும். வருமானம் இல்லை என்பது பொருளின் குறை அல்ல. காய்க்காத தென்னங்கன்றை யாரும் விற்கக் கூடாது என்று சொல்லவில்லை.

அப்படியானால் அந்த ஹதீஸ் இங்கே எங்கே பொருந்தும்? வேறொரு இடத்தில், மிகச் சரியாகப் பொருந்துகிறது. பல சிறு கம்பெனிகள் தங்களுடையது அல்லாத மென்பொருளை விற்கின்றன.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இன்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதிய மென்பொருள், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குச் சொந்தம். ஆனால் வெளியிலிருந்து வேலையை எடுத்துச் செய்து கொடுத்தவருக்கு இது பொருந்தாது. காசு வாங்கிக்கொண்டாலும், எழுத்து மூலம் கையெழுத்திட்டு உரிமையை மாற்றித் தராத வரை உரிமை அவரிடமே இருக்கிறது. "நம்ம தெருப் பையன்தான், இருபதாயிரம் கொடுத்துட்டோம்" என்பது செல்லாது. எழுதிக் கொடுத்த காகிதத்திலும் எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். எந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். ஐந்து வருடம் கழித்து அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப் போகும்போது இந்த இரண்டு வரிகள் இல்லாதது தெரியவரும்.

தொடங்கியவருக்கும் இதே நிலைதான். கம்பெனியைப் பதிவு செய்வதற்கு முன் அவர் தனியாக எழுதியது அவருக்குச் சொந்தம். கம்பெனிக்கு எழுதி மாற்ற வேண்டும். வேறொரு இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே இரவில் எழுதியதாக இருந்தால் அந்தப் பழைய வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். இரவில் எழுதியதும் எங்களுக்கே என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும்.

வாங்கும் கம்பெனியின் வக்கீல்கள் விலை பேசி முடித்த பிறகு இதையெல்லாம் கிளறிப் பார்ப்பார்கள். 'டியூ டிலிஜென்ஸ்' என்பது அதுதான். நமது ஊரில் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதற்குச் சமம். வருமானம் உள்ள கம்பெனியில் இந்தக் குறையை வேறு லாபத்தில் சரிக்கட்டலாம். வருமானமே இல்லாத கம்பெனியில் மென்பொருளின் உரிமையே முழுச் சொத்து. அது அசைந்தால் வியாபாரமே நின்றுவிடும்.

எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது இதைவிட மோசம். மேலே நல்ல தானியத்தைப் பரப்பி அடியில் ஈரத்தை மறைத்தவரை நபி (ஸல்) கண்டித்த சம்பவம் நாம் அடிக்கடி பயானில் கேட்பது. அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கான 'ஃபிராங்க்' என்ற நிறுவனத்தை 2021இல் ஜே.பி.மார்கன் வங்கி 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. 40 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் என்று சொல்லப்பட்டது. உண்மையில் 3 லட்சம்கூட இல்லை. பட்டியல் ஜோடிக்கப்பட்டது. அதன் நிறுவனர் சார்லி ஜாவிஸ் குற்றவாளி என 2025 மார்ச்சில் முடிவாகி, அதே ஆண்டு செப்டம்பரில் ஏழு வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. "கொஞ்சம் கூட்டிச் சொல்றதெல்லாம் பிசினஸ்ல சகஜம்" என்று பிள்ளை சொன்னால் இந்த வழக்கை நினைவில் வையுங்கள்.

பயனாளர்களின் தகவல் அமானிதம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யார் எந்த ஊருக்குப் போகிறார், எந்தப் பள்ளிவாசல் அருகில் வசிக்கிறார் என்பதெல்லாம் செயலியில் பதிவாகக்கூடியவை. கம்பெனி கைமாறும்போது அதுவும் கைமாறுகிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகச் சம்மதம் வாங்கப்பட்டதோ அந்த நோக்கத்தோடு அதைக் கட்டிப்போடுகிறது.

பத்து கோடிக்கு விற்றதில் அத்தாவுக்கு எவ்வளவு?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது விளங்குவதற்காக நானே போட்ட கணக்கு.

பிள்ளையின் கம்பெனி 10 கோடி ரூபாய்க்கு விலை போகிறது. வெளி முதலீட்டாளர்கள் முன்பு 6 கோடி போட்டு 40 சதவீதப் பங்கு வைத்திருக்கிறார்கள். அத்தா 5 லட்சம் கொடுத்து 2 சதவீதப் பங்கு பெற்றிருக்கிறார். கம்பெனிக்கு 50 லட்சம் கடன் பாக்கி. வீட்டில் போடுகிற கணக்கு: 10 கோடியில் 2 சதவீதம், 20 லட்சம். அதை நம்பி மகளின் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.

உண்மையில் முதலில் கடன் 50 லட்சம் போகும். மீதி 9.5 கோடி. முதலீட்டாளர்களின் ஒப்பந்தத்தில் 'லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். விற்றால் முதலில் எங்கள் பணம் முழுதும் எங்களுக்கு, அல்லது எங்கள் சதவீதம், எது அதிகமோ அது என்று பொருள். 9.5 கோடியில் 40 சதவீதம் 3.8 கோடிதான், அதனால் அவர்கள் 6 கோடியை எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 3.5 கோடி. அது மற்ற 60 சதவீதப் பங்குக்காரர்களுக்குப் பிரியும். அத்தாவின் பங்கு அறுபதில் இரண்டு, அதாவது சுமார் 11 லட்சத்து 67 ஆயிரம். அதிலும் 15 சதவீதத்தை ஒன்று ஒன்றரை வருடம் மூன்றாம் நபர் கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். சொன்னதில் ஏதாவது பொய் என்று தெரிந்தால் அதிலிருந்து பிடித்துக்கொள்ள. இதுதான் 'எஸ்க்ரோ'. கையில் வருவது பத்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

இதே கம்பெனி 6 கோடிக்கு விலை போயிருந்தால்? கடன் போக 5.5 கோடி. முழுதும் முதலீட்டாளர்களுக்கு. அத்தாவுக்கு ஒன்றுமில்லை. பேப்பரில் மட்டும் 'ஆறு கோடிக்கு விற்பனை' என்று வரும், சொந்தக்காரர்கள் வீட்டுக்கு ஸ்வீட் கேட்டு வருவார்கள்.

அத்தா அந்த 5 லட்சத்தைப் பங்காக அல்லாமல் கடனாகக் கொடுத்திருந்தால் கதை தலைகீழ். இரண்டு விலையிலும் அவருடைய 5 லட்சம், அந்த 50 லட்சக் கடனில் ஒன்றாக, முதலீட்டாளருக்கும் முன்பாக வந்துவிடும். ஆனால் 10 கோடிக்கு விற்றாலும் 5 லட்சம்தான். 100 கோடிக்கு விற்றாலும் 5 லட்சம்தான். கடனுக்கு மேல் ஒரு ரூபாய் நிபந்தனை போட்டு வாங்கினாலும் அது வட்டி.

நமது வீடுகளில் நடப்பது இந்த இரண்டும் அல்ல. "வெச்சுக்கோப்பா, நல்லா வந்தா பாத்துக்கலாம்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். நல்லா வந்துவிட்டால் கொடுத்தவர் கூட்டாளி என்கிறார், வாங்கியவர் கடன் என்கிறார். நஷ்டமாகிவிட்டால் கொடுத்தவர் கடன் என்கிறார், வாங்கியவர் கூட்டு என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கொடுத்த அன்று எதுவும் முடிவாகவில்லை என்பதுதான் உண்மை. குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே எழுதுவது அவமரியாதை என்று நினைக்கிறோம். அந்த வசனம் உறவினருக்கு விலக்கு எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு இடம் நகை. கம்பெனிக்காக மனைவியின் நகையையோ அக்காவின் நகையையோ கேட்டு வாங்கும்போது, அது அந்தப் பெண்ணின் தனிச்சொத்து என்பதை மறந்துவிடுகிறோம். கூட்டு என்றால் பங்கு அவர் பெயரில் பதிவாக வேண்டும், கணவர் பெயரில் அல்ல. கடன் என்றால் எத்தனை கிராம் என்று எழுதி, தங்கமாகவே திருப்பித் தருவதா, விற்று வந்த பணமா என்று அன்றே முடிவு செய்ய வேண்டும். தங்கத்தின் விலை ஐந்து வருடத்தில் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நகையை பேங்கில் அடகு வைத்துக் கொடுப்பதில் வட்டி இருக்கிறது என்பதோடு சட்டச் சிக்கலும் இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி, இயக்குநரின் நெருங்கிய உறவினரிடம் கடன் வாங்கலாம். ஆனால் இது நான் வேறிடத்தில் கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் அல்ல என்று அவர் எழுதித் தர வேண்டும். அடகுப் பணம் கடன் பணம்தான். பெற்றோர், கணவன் மனைவி, உடன்பிறந்தவர், பிள்ளைகள், மருமகன், மருமகள் ஆகியோர் அந்த உறவினர் பட்டியலில் உண்டு. மாமாவும் சித்தப்பாவும் மச்சானும் இல்லை. அவர்களிடம் கம்பெனி பெயரில் கடன் வாங்குவதற்கு முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

மேலே சொன்ன முன்னுரிமை ஒப்பந்தத்தைப் பற்றி மார்க்க ரீதியாகவும் ஒன்று சொல்ல வேண்டும். மூலதனத்துக்கு உத்தரவாதம் தரும் பங்கும், கலைக்கும்போதோ லாபம் பிரிக்கும்போதோ மற்றவருக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் பங்கும் கூடாது என்று அதே ஃபிக்ஹ் அகாடமி 1992இல் ஜித்தாவில் தீர்மானித்தது (எண் 63). கூட்டு வியாபாரத்தில் நஷ்டம் மூலதனத்தின் அளவுப்படி எல்லோருக்கும் என்பதே அடிப்படை. ஆனால் இன்று முதலீட்டு நிறுவனங்கள் நீட்டும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் இந்த நிபந்தனை இருக்கிறது. "எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்க" என்பது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே வகைப் பங்கு என்று கேட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் சிறு தொகை போடும் தனி முதலீட்டாளர்கள் அதற்குச் சம்மதிப்பதுண்டு. வட்டி ஓடிக்கொண்டே இருந்து பிறகு பங்காக மாறும் 'கன்வர்ட்டிபிள் நோட்' வகையில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது வட்டிக் கடன்.

விற்ற பிறகு

முழுப் பணமும் ரொக்கமாக வரும் என்று நினைக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமின் 100 கோடி டாலரில் ரொக்கம் 30 கோடிதான். மீதி 2.3 கோடி ஃபேஸ்புக் பங்குகள். பேச்சு நடந்தது ஏப்ரலில். மே மாதம் 38 டாலருக்குச் சந்தைக்கு வந்த பங்கு, செப்டம்பரில் வியாபாரம் முடியும்போது 20 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆக 100 கோடி என்றது ஏறக்குறைய முக்கால்வாசியாகச் சுருங்கியது. பெரிய நிறுவனத்தின் பங்காக இருந்ததால் பிறகு ஏறிவிட்டது. வாங்குபவரே சந்தையில் இல்லாத இன்னொரு ஸ்டார்ட்அப் என்றால், அவர் கொடுக்கும் பங்கை விற்க இடமே இருக்காது.

ஆட்களுக்காக வாங்கும் வியாபாரத்தில் பணத்தின் பெரும்பகுதி, தொடங்கியவர்கள் மூன்று நான்கு வருடம் அங்கே வேலையில் நீடித்தால்தான் தவணையாகக் கிடைக்கும். அது விலை அல்ல, கூலி. சம்பளமாகவே வரி பிடிப்பார்கள். அத்தாவின் 2 சதவீதம் அதைத் தொடாது. சில தொடங்கியவர்கள் இதைத் தெரிந்தே விலையைக் குறைத்துத் தங்கள் கூலியைக் கூட்டிக்கொள்வதும் நடக்கிறது. பங்குகொடுத்த உறவினருக்குச் சேர வேண்டியதைத் தன் சம்பளமாக மாற்றிக்கொள்வது கூட்டாளிக்குச் செய்யும் மோசடி. வக்கீல் சரி என்று சொன்னாலும்.

'இன்ன இலக்கை அடைந்தால் இன்னும் இவ்வளவு தருவோம்' என்ற 'எர்ன்-அவுட்' நிபந்தனையும் உண்டு. வருமானமே இல்லாத கம்பெனிக்கு வருமான இலக்கு வைப்பது பெரும்பாலும் கிடைக்காத பணம். இலக்கு தெளிவாக, அளக்கும்படி, காலக்கெடுவோடு இல்லாவிட்டால் விலையே தெளிவில்லாத வியாபாரமாகிவிடும்.

இதே வேலையை இனி வேறெங்கும் செய்யக் கூடாது என்றும் எழுதி வாங்குவார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27இன்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் தன் வியாபாரத்தின் நற்பெயரை விற்றவர் இதற்கு விதிவிலக்கு. நியாயமான எல்லைக்குள் அவரைக் கட்டுப்படுத்தலாம். ஆகவே கம்பெனியை விற்ற பிள்ளையைக் கட்டும். அங்கே வேலை மட்டும் செய்துவிட்டு விலகும் பிள்ளையைக் கட்டாது.

ஊழியராக இருக்கும் பிள்ளைகளுக்கு 'ஈசாப்' என்று பங்கு வாங்கும் உரிமை கொடுத்திருப்பார்கள். எண்ணிக்கையைக் கேட்டு மயங்க வேண்டாம். மொத்தப் பங்கு எத்தனை, என்ன விலைக்கு வாங்க வேண்டும், இன்றுவரை எத்தனை முதிர்ந்திருக்கிறது, கம்பெனி கைமாறினால் முதிராதது என்ன ஆகும் என்ற நான்கையும் கேட்க வேண்டும். உரிமையைப் பங்காக மாற்றும்போதே சம்பள வருமானமாக ஒரு வரி, பிறகு விற்கும்போது லாபத்துக்கு இன்னொரு வரி. சந்தையில் பட்டியலிடாத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் லாபத்துக்கு 12.5 சதவீதம். அத்தாவின் பங்குக்கும் இதே கணக்குதான்.

ஜகாத் பற்றி அதிகம் கேட்கிறார்கள். வருமானமில்லாத கம்பெனியில் எழுதி வைத்த மென்பொருள், பயன்படுத்தும் லேப்டாப் இவற்றுக்கு ஜகாத் இல்லை. கம்பெனிக் கணக்கில் கிடக்கும் ரொக்கத்தில் நமது பங்கின் அளவுக்குப் பார்க்க வேண்டும். விற்று வந்த பணம் கையில் வந்ததும் உடனே கொடுக்க வேண்டுமா என்றால், ஷாஃபி மத்ஹபில் அந்தப் பணத்துக்குத் தனியாக ஒரு வருடம் ஓட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஏற்கெனவே நிஸாப் அளவு வைத்திருப்பவர் அதோடு சேர்த்து, தன் வழக்கமான ஜகாத் தேதி வரும்போது மொத்தத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஷஅபானில் பணம் வந்து, ரமலானில் ஜகாத் கொடுப்பவராக இருந்தால் ஒரு மாதத்திலேயே கடமையாகிவிடும் என்று பொருள். எஸ்க்ரோவில் நிற்கும் தொகை இன்னும் முழுமையாக நமது கைவசம் ஆகவில்லை. எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் தெரியாது. அது விடுவிக்கப்பட்டு வந்த பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தவணையாக வரும் கூலிக்கும் வந்தது வந்தபடியே கணக்கு.